சத்தத்தைப் படம் பிடித்த கதை

வீடியோவை அனுப்பிய கையோடு அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே காலை ஏழரை மணி. கண்ணாடி போடாமல் போனை எடுத்திருக்கிறாள்; திரையில் வெள்ளையாக ஏதோ தெரிந்ததே தவிர, என்னவென்று பிடிபடவில்லை. காதில் விழுந்ததை வைத்துக் கேட்டாள்:

"என்னடா அங்க, வளையக்காரன் கூடையக் கவுத்துட்டானா?"

அன்று பகல் முழுக்க அந்தச் சத்தத்துக்கு ஒரு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அம்மா படத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டாள்.

அந்த வீடியோவை எடுத்தது டுலூத்தில். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாப்பொலிஸிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் காரோட்டினால் வரும் ஊர். சுப்பீரியர் ஏரியின் மேற்கு மூலை. ஏரி என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் கரையும் மதகும் அங்கே கிடையாது. பரப்பு 82,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். ஆழமான இடத்தில் 406 மீட்டர். இங்கத்துப் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் இதற்கு வைத்த பெயர் கிச்சிகாமி, அதாவது பெருங்கடல். அவர்கள் சொன்னதுதான் சரி.

இவ்வளவு தண்ணீர் லேசில் உறையாது. 2014இல் ஏரியில் 95 சதவீதத்துக்கு மேல் பனி மூடியது. பல வருடங்களில் அப்படி நடப்பதில்லை. பனி படியும், உடையும், காற்று போன பக்கமெல்லாம் அலையும். எனக்கு வேண்டியதும் அந்த அலைச்சல்தான். கரையோடு கரையாக ஒட்டி இறுகிப்போன ஏரியில் பார்க்க ஒன்றுமில்லை. பனி நகர வேண்டும், நகர இடமும் வேண்டும்.

பிப்ரவரியில் காற்றில்லாத ஒரு கடுங்குளிர் இரவு போதும், தண்ணீர் மேல் ஒரு விரல் தடிமனில் தகடு படிந்துவிடும். ஜன்னல் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். பிறகு கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ காற்று கிளம்பினால், மொத்தமும் டுலூத் மூலைக்கு வந்து சேரும். உள்ளூர்க்காரர்கள் இதை ஐஸ் ஸ்டாக்கிங் என்கிறார்கள். தட்டு மேல் தட்டு ஏறி அடுக்குவதால் அந்தப் பெயர்.

காற்றுக்கு எங்கிருந்து இவ்வளவு பலம் என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, ஒரு சதுர மீட்டர் பனியை உரசி இழுக்கும் விசை 15, 20 கிராம் எடைக்குச் சமம். அரை எலுமிச்சம்பழம். ஆனால் தகடு காற்றின் திசையில் 10 கிலோமீட்டர் நீண்டு கிடந்தால், கரையில் ஒவ்வொரு மீட்டருக்கும் 150 முதல் 200 கிலோ வரை வந்து முட்டும். விரல் தடிமன் பனி அதை எப்படித் தாங்கும்?

டுலூத்தின் பிரைட்டன் பீச்சில் இறங்கியபோது வெப்பநிலை மைனஸ் பதினைந்து. பெயரில்தான் பீச். மணலைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான், எல்லாம் கரும்பாறை. கப்பலும் இல்லை. ஜனவரி நடுவில், கப்பல்கள் ஏரிக்குள் வரும் சூ கால்வாயின் மடைக்கதவுகளை மூடினால், திரும்பத் திறப்பது மார்ச் கடைசியில்தான்.

முதல் அரைமணி நேரம் நான் செய்ததெல்லாம் தப்பு. முக்காலியை உயர நிறுத்தி, அகல லென்ஸ் மாட்டி, ஏரியை முழுசாக அடைக்கப் பார்த்தேன். திரையில் ஒரு சாம்பல் பட்டை தெரிந்தது, அவ்வளவுதான். கேமராவின் ஒளியளவி ஏமாளி. வெள்ளையைக் கண்டால் மிரண்டுபோய் அதைச் சாம்பலாக்கிவிடும். நாமாக ஒளியை ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் ஏற்றினால்தான் பனி பனியாக வரும். அதைச் சரிசெய்வதற்குள் பேட்டரி படுத்துவிட்டது. வீட்டில் நூறு சதவீதம் காட்டியதுதான். குளிரில் லித்தியம் பேட்டரி இப்படித்தான் காலை வாரும். நல்லவேளை, மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்தேன்.

நாயோடு நடக்க வந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் என் அவஸ்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் வந்து மைக்கைக் காட்டினார். "இந்தக் காத்துல இந்தப் பஞ்சு போதாது. வீட்டுக்குப் போய்க் கேட்டா வெறும் இரைச்சல்தான் இருக்கும்." சொல்லிவிட்டு, கோட்டுப் பையிலிருந்து நாய்க்கு மாட்டும் கம்பளிக் காலுறை ஒன்றை எடுத்து, என் அனுமதிக்குக்கூடக் காத்திராமல் மைக் தலையில் மாட்டினார். நாய்க்கு அது பிடிக்காதாம், எப்படியும் போட்டுக்கொள்ளாதாம். நாயும் ஆட்சேபிக்கவில்லை.

அதன்பிறகு முக்காலியை மடக்கி வைத்துவிட்டுப் பாறை மேல் குப்புறப் படுத்தேன். லென்ஸுக்கும் பனி விளிம்புக்கும் இடையில் ஒரு முழம்.

கதவளவு தகடு ஒன்று மெதுவாக வருகிறது. அதன் மூலை பாறையில் தட்டி, அரை அங்குலம் மேலே எழும்புகிறது. ஒரு நொடி ஒன்றும் நடப்பதில்லை. திடீரென்று உள்ளே ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது; சத்தம் அப்போதுதான் வருகிறது. முன்பாதி, பின்னால் வரும் தகட்டின் தள்ளலில் பாறை மேல் சறுக்கி ஏறுகிறது. ஏறும்போது விளிம்பில் நொறுங்கும் பனித்தூளை ஒரு சின்ன வரப்பாக முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. அதன் மேல் அடுத்தது. சின்னச் சில்லுகள் கணீரென்கின்றன. பெரிய தகடுகள் கரகரவென்று இழுபடுகின்றன. இரண்டுக்கும் அடியில், அலையோடு மொத்தப் பரப்பும் ஏறி இறங்கும் முனகல். இரண்டு மணி நேரத்தில் குவியல் இடுப்பளவு வந்துவிட்டது. ஒவ்வொரு தகடும் நிறமற்றதுதான்; ஆனால் நூறு தகடுகளுக்குள் புகுந்து வரும் ஒளி நீலமாகிவிடுகிறது. பனிக்கட்டி சிவப்பை விழுங்கிவிடும், மிஞ்சுவது நீலம்.

இந்தக் காட்சிக்குப் பியானோ இசை சேர்த்து, வேகத்தைக் கூட்டி, ஒரு நிமிடத்தில் முடிப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. கச்சேரியில் பாடகரை நிறுத்திவிட்டு ரேடியோ போடுகிற வேலை அது.

எப்போதும் இது இப்படி அழகாக மட்டும் இருப்பதுமில்லை. 2013 மே மாதம், இதே மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியில், உருகத் தொடங்கிய பனியைக் காற்று கரையேற்றியது. அது புல்வெளியைத் தாண்டிப் போய் வீட்டு வாசல்களை இடித்தது. 2019 பிப்ரவரியில் ஈரி ஏரிக்கரை வீடுகளின் முன்னால் பனிச்சுவரே எழுந்தது. அலாஸ்காவின் வடகரையில் இனுப்பியாட் மக்கள் கடற்பனி இப்படிக் கரையேறுவதை 'இவு' என்பார்கள். அச்சத்தோடு சொல்லும் சொல் அது. குவியல் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கும் பிள்ளைகளை டுலூத்தில் அன்றும் பார்த்தேன். கீழே இருப்பது தரையல்ல, இன்னும் வந்துகொண்டிருக்கும் தகடுகள்.

திரும்பும்போது கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். அப்படியே சூடான அறைக்குள் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். இரவு எட்டு மணிக்குத்தான் பையைப் பிரித்து, இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை அம்மாவுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை மிச்சத்தையும் எடுக்கலாமென்று போனேன். இரவோடு காற்று திசை மாறி, மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கியிருந்தது. பாறை மேல் நேற்றைய குவியல் அப்படியே இருந்தது. அதற்கு அப்பால், கண்ணுக்கு எட்டிய வரை ஒரு துண்டுப் பனி இல்லை. நீலத் தண்ணீர் மட்டும். காலுறையைத் திருப்பிக் கொடுக்க அந்தப் பெரியவரையும் நாயையும் அரைமணி நேரம் தேடிவிட்டு ஊர் திரும்பினேன். அது இன்னும் என் கேமரா பையில் கிடக்கிறது.