எக்ஸ்.எல். வண்டியின் கார்ப்ரேட்டர்

காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்புவது கார்ப்ரேட்டரின் வேலை. ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தைக்கு விடியுமுன் மூட்டையேற்றி வரும் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் அது உள்ளங்கைக்குள் அடங்கும். 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50இன் வழித்தோன்றல் இந்த வண்டி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவின் குறுகலான வீதிகளில் பூக்கூடைக்கும் வாழைத்தாருக்கும் இதைவிடத் தோதான வண்டி அமையவில்லை.

பழுது பார்ப்பது ஸ்பார்க் பிளக்கில் தொடங்குகிறது. முனை கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, காப்பிப்பொடி நிறமென்றால் சரி. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் கூடினாலும் பிளக் கறுக்கும்; அதை மட்டும் நம்பி, பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டில் கைவைப்பது அவசரக்காரர் வேலை.

கார்ப்ரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் மிதவை தெரியும். பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறி, தன்மேல் நிற்கும் சிறு ஊசியைத் தள்ளி வழியை அடைக்கிறது. ஊசியின் கூம்பு முனை புதிதில் வழவழவென்றிருக்கும். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் முட்டி முட்டி, மயிரிழை அகலத்தில் ஒரு வளையத் தடம் விழும். வெயிலில் திருப்பிப் பார்த்தால் கண்ணுக்குப் படும், நகத்தால் வருடினால் தட்டுப்படும். அதன் பிறகு எவ்வளவு கழுவினாலும் பெட்ரோல் வழியும் ஓவர்ஃப்ளோ நிற்காது. ஊசியை மாற்றத்தான் வேண்டும். அந்த ஒன்றுக்காக ஜெட், திருகு, வாஷர் எல்லாம் அடங்கிய கிட் முழுவதையும் வாங்க வைப்பது வண்டிக்காரர் பையில் கையை விடுவதற்குச் சமம்.

ஜெட் பித்தளையால் ஆனது. அடைப்பெடுக்கக் கிளட்ச் ஒயரின் இழையை விட்டுக் குத்துவது பழைய கெட்ட பழக்கம். 1 மி.மீ. துளை 1.05 மி.மீ. ஆனாலே அதன் பரப்பு பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். மைலேஜ் ஏன் விழுந்தது என்று பிறகு தேடிப் பயனில்லை. பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

மிதவை இல்லாத கார்ப்ரேட்டரும் உண்டு: ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானங்களின் மெத்தனால் எஞ்சினில் மிதவையே கிடையாது. ஊசித் திருகுதான் எரிபொருளை அளக்கிறது. அங்கே கவனிக்க வேண்டியது ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம். அது தேய்ந்து காற்று புகுந்தால் எந்தத் திருகலுக்கும் எஞ்சின் அடங்காது. எக்ஸ்.எல்.லிலும் எஞ்சினோடு சேரும் இடத்து கேஸ்கட் கிழிந்தால் இதே கதைதான்.

கார்ப்ரேட்டரை மாட்டியபின், காற்றின் அளவைத் திருத்தும் ஏர் ஸ்க்ரூவை மெல்ல முட்டும்வரை உள்ளே திருகி, சுமார் ஒன்றரைச் சுற்று வெளியே விடுகிறார்கள். எஞ்சின் சூடானதும் கால் கால் சுற்றாகத் திருப்பி, சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்துவது காதின் வேலை. உள்ளே இறுக்கித் திருகினால் ஸ்க்ரூவின் முனை நசுங்கும்.

2018இல் உச்ச நீதிமன்றம் விதித்த கெடுப்படி, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளே விற்பனைக்கு. எக்ஸ்.எல். 100உம் ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறியது. ஏர் ஸ்க்ரூவுக்கு அதில் வேலையில்லை. பழைய வண்டிகளுக்கோ 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் புதிய தொல்லை: எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதற்கென்று செய்யப்படாத ரப்பரைக் கெடுக்கும்.

கார்ப்ரேட்டர் வண்டியைப் பல நாள் நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும். கிண்ணம் காலியாகிவிடும்.