பாட்டியின் கேள்வியும் சோழமண்டலமும்

"பெயின்டிங் படிச்சா சோறு கிடைக்குமா?"

என் அம்மா இதைக் கேட்டது என் மகளிடம்தான். ஆனால், பார்வை என் மேல் இருந்தது. பிளஸ் டூ முடித்தவள், எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரிக்குத்தான் விண்ணப்பிப்பேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சு. அவள் அப்பா வாயே திறக்கவில்லை. எனக்கும் சொல்ல பதில் இல்லை.

"வாங்க, ஒரு இடத்தைப் பார்த்துட்டு வரலாம்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டி, பேத்தி இருவரையும் கிளப்பினேன். திருவான்மியூரில் பஸ் ஏறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கினோம். சோழமண்டல ஓவியர் கிராமம் அங்கேதான் இருக்கிறது. சாலையில் கார்கள் பறக்கின்றன. உள்ளே நாலு அடி வைத்தால் மர நிழலும் மணலும். அங்கங்கே கருங்கல் சிற்பங்கள், மழையிலும் வெயிலிலும் அப்படியே நிற்கின்றன.

"இது யாரோட தோட்டம்?" என்றார் அம்மா.

நல்ல கேள்வி. இது எந்தப் பணக்காரரும் கொடுத்த தோட்டமில்லை. ஓவியர்கள் சம்பாதித்து வாங்கியது.

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு ஒரு கவலை. கல்லூரியில் பிரமாதமாக வரைகிற பிள்ளைகள், வெளியே போனதும் வயிற்றுப்பாட்டுக்காக ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து தூரிகையை மறந்துவிடுகிறார்கள். அன்றைய மெட்ராஸில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க ஆளில்லை. ஓவியம் விற்காது, சரி, துணி விற்குமே? மாணவர்களும் இளம் ஓவியர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பாத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை என்று செய்து விற்றார்கள். அந்தப் பணம் சேர்ந்துதான் இங்கே சுமார் 10 ஏக்கர் நிலமானது. 1966-ல் கிராமம் பிறந்தது. சோழர் ஆண்ட மண், ஐரோப்பியர் வாயில் 'கோரமண்டல்' ஆன கரை. அந்தப் பழைய பெயரையே வைத்தார்கள்.

என் மகளுக்கு பாத்திக் பற்றிப் பள்ளியிலேயே கொஞ்சம் தெரியும். பாட்டிக்கு விளக்கினாள். உருக்கிய மெழுகால் துணியில் கோலம் போடுவது மாதிரி வரைய வேண்டும். சாயத்தில் முக்கினால், மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. முதலில் வெளிர் நிறம், மறுபடி மெழுகு, அடுத்து அழுத்தமான நிறம். கடைசியில் வெந்நீரில் போட்டால் மெழுகு கழன்றுவிடும். மெழுகு விரிசல்விட்ட இடத்தில் சாயம் நுழைந்து மெல்லிய நரம்புகள் மாதிரி கோடுகள் விழும். "அதுதான் பாட்டி அழகே!" என்றாள். பாட்டி விற்பனைக்கு இருந்த ஒரு துணியைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். புடவைக் கடையிலும் அவர் அப்படித்தான்.

இந்த ஊரின் திட்டமே அந்தத் துணியில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. வயிற்றுக்குக் கைவினை, மனசுக்கு ஓவியம். விற்றதில் ஒரு பங்கு பொதுவுக்கு. மீதி நேரத்தில் யாரும் யாருக்காகவும் வரைய வேண்டாம். ஆரம்பத்தில் கீற்றுக் குடிசைகள்தான், மின்சாரம் கிடையாது. பிறகு அவரவர் வசதிக்குத் தக்கபடி வீடு கட்டிக்கொண்டார்கள். அதனால் எந்த வீடும் இன்னொரு வீடு மாதிரி இல்லை. திறந்தவெளி அரங்கு, காட்சிக்கூடம், வெளியூர்க் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்ய அறைகள் எல்லாம் பின்னால் சேர்ந்தவை.

2009-ல் திறந்த அருங்காட்சியகத்தில் மகள் ஒரு படத்தின் முன்னால் நின்றவள், நகரவே இல்லை. கே.ராமானுஜம் வரைந்தது. நெருக்கமான கோடுகளில் கனவு அரண்மனைகள், விசித்திர விலங்குகள். அவர் படங்களில் தொப்பி போட்ட ஓர் ஆள் அடிக்கடி வருவார். அது அவரேதான். இங்கேயே வாழ்ந்தவர், 1973-ல் இளவயதிலேயே போய்விட்டார். சேர்ந்து வாழ்ந்தால் எல்லோரும் கரையேறிவிடுவார்கள் என்று நான் மகளுக்குப் பொய் சொல்லத் தயாரில்லை. அதையும் சொன்னேன். "தெரியும்மா" என்றாள்.

இன்னொன்றும் மனசில் ஓடியது. சுற்றிலும் இப்போது பங்களாக்கள். இன்று பாத்திக் விற்று இந்தச் சாலையில் பத்து சென்ட் வாங்க முடியுமா? முடியாது. 1966-ல் யாருக்கும் வேண்டாத மணல் மேடு என்பதால்தான் முடிந்தது.

மதியம் இன்னும் தெற்கே, முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்குப் போனோம் (செவ்வாய்க்கிழமை விடுமுறை, கவனம்). 1996-ல் திறந்த இடம். லாரி பேக்கர் வடிவமைத்தார். செங்கல்லையும் ஓட்டையும் வைத்தே சிக்கனமாக, குளுமையாகக் கட்டத் தெரிந்த மனிதர். இங்கே இருக்கும் பழைய வீடுகள் பலவும் நிஜ வீடுகள். இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் விலைக்கு வாங்கி, தூண் தூணாகக் கழற்றி, அந்தந்த ஊர்க் கைவினைஞர்களை வைத்தே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். சுற்றுச்சூழலுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் என்ன? புதிதாக ஒரு மரம் வெட்டாமல் ஒரு வீடு!

செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் அம்மா உட்கார்ந்ததும் எழுந்திருக்கவே மனசில்லை. "ஃபேன் இல்லாமலே காத்து வருது பாரு." முற்றம் வழியாகச் சூடு மேலே போய்விட, நிழலான அறைகள் குளுமையாகவே இருந்தன. இங்கேயும் கலைஞர்கள் தங்கி வேலை செய்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் மண்பாண்டம் வனையலாம், கூடை பின்னலாம்.

மகள் குயவர் சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள். முதல் பானை சரிந்து விழுந்தது. சக்கரத்துக்காரர், "அழுத்தாதம்மா, கையை ஈரமா வச்சுக்கோ, மண்ணே எழுந்து வரும்" என்றார். இரண்டாவதில் கோணலாக ஒரு கிண்ணம் வந்தது. அம்மா அவரிடம் மெதுவாகக் கேட்டார், "இதுல வருமானம் வருதாப்பா?" அவர் சிரித்தார். "வருதும்மா, சில மாசம் வராது. கத்துக்க வர்ற பிள்ளைங்க இருக்காங்க, அதனால ஓடுது."

பஸ்ஸில் கூட்டம். சுடாத ஈரக் கிண்ணத்தைச் செய்தித்தாளில் சுற்றி, திருவான்மியூர் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார் அம்மா. அது இப்போது எங்கள் ஜன்னலில் காய்ந்துகொண்டிருக்கிறது. ஓரத்தில் ஒரு விரிசல். அம்மா அதில் தன் ஊக்குகளைப் போட்டு வைத்திருக்கிறார். விண்ணப்பத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மகள் அப்பாவிடம் நேற்று இரவு மாடியில் ஒரு மணி நேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை.