முகிலனுக்கு, ஜாசினிலிருந்து

அன்பு முகிலா,

தீபாவளிக்கு வந்துபோனவன், அதற்கப்புறம் பெற்றவளுக்கு ஒரு போன் கிடையாது. பெரியம்மாவுக்கு மட்டும் நடுராத்திரியில் வாட்ஸ்அப்பில் கட்டுரை அனுப்பத் தெரிகிறது. முதலில் அவளைக் கூப்பிட்டுப் பேசுடா. கணக்கியலை விட்டுவிட்டு வரலாறு எடுத்த கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. "அரசியல் சட்டம் படிச்சா யாரு வீட்டு அடுப்பு எரியும்?" என்று நேற்றுகூடக் கேட்டாள். நான் உன் பக்கம்தான் பேசினேன்.

கட்டுரையைப் படித்தேன். மலாயன் யூனியன் 1946, கூட்டரசு ஒப்பந்தம் 1948, துங்கு 1956 பிப்ரவரி 20-இல் பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்தது, எல்லாம் வரிசை தப்பாமல் இருக்கிறது. மார்க் விழும். ஆனால் அதில் ஆட்களே இல்லையே, அய்யா. தலைவர்கள் வருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், போகிறார்கள். அந்தத் திடலிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடுகிற தோட்டத்தில் உன் தாத்தா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் உன் கட்டுரையில் எங்கே?

நம் வீட்டு மைலோ டின்னில் இரண்டு காகிதம் இருக்கிறது. ஒன்று பாட்டியின் பிறப்புப் பத்திரம். ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்று தலைப்பில் அச்சடித்தது, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருக்கிறேன். இன்னொன்று தாத்தாவின் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுத்த அடையாள அட்டை. பாட்டி பிறந்தது ஜாசின் பக்கம். தாத்தா பிறந்தது கெசாங் ஆற்றைத் தாண்டி, தங்காக் பக்கத்தில் ஒரு தோட்டம். நடுவில் ஓர் ஆறு, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் அதே பால்மரம், அதே லயம், அதே மாரியம்மன். ஆனால் அப்போது மலாக்கா பிரிட்டிஷ் குடியேற்றம், ஜொகூர் சுல்தானின் மாநிலம். 1948 ஒப்பந்தப்படி, பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்து இங்கேயே நிலைத்திருந்த பிரிட்டிஷ் பிரஜைக்குக் கூட்டரசுக் குடியுரிமை தானாகவே கிடைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்த தமிழனுக்கோ, தாய் தகப்பன் இரண்டு பேருமே இந்த நாட்டில் பிறந்து, பதினைந்து வருடம் இங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். தாத்தாவின் அப்பா அம்மா கப்பலேறி வந்தவர்கள். அதனால் ஒரே பாயில் படுத்த புருஷன் பெண்டாட்டியில் பாட்டி குடிமகள், தாத்தா வெளியாள்.

இதை நீ எந்தப் பாடநூலிலும் இப்படிப் படித்திருக்கமாட்டாய்.

சுதந்திரத்துக்குப் பிறகு தாத்தா பதிந்திருக்கலாம். இங்கே பிறந்தவர்களுக்கு முதல் ஓராண்டு மலாய் மொழித் தேர்வுகூட இல்லாமல் பதிய வழி வைத்திருந்தார்கள். ஆனால் ஆபீசுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். "உனக்கெதுக்கப்பா அதெல்லாம், இங்கதானே பொறந்தே" என்று தோட்டத்துக் கிராணி சொல்லிவிட்டார். தாத்தாவும் நம்பிவிட்டார். 1969-இல் வேலை பெர்மிட் சட்டம் வந்து கழுத்தைப் பிடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பிறந்த மண்ணில் மரம் வெட்டவே அனுமதிச் சீட்டு. அந்தச் சமயம் எத்தனையோ குடும்பம் ரஜூலா கப்பலில் இந்தியாவுக்குத் திரும்பிப் போய்விட்டது. எனக்கு அப்போது பத்துப் பதினோரு வயது. பக்கத்து லயத்துப் பிள்ளைகள் கோழிகளை நம் வீட்டில் விட்டுவிட்டுப் போனது நன்றாக நினைவிருக்கிறது.

இன்னொன்று கேள். நான் 1958-இல் பிறந்தவள். இந்த மண்ணில் பிறந்ததே போதும் என்று சட்டம் சொன்ன காலம். 1962 அக்டோபரிலிருந்து அது மாறியது. பெற்றோரில் ஒருவராவது குடியுரிமை உள்ளவராகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று திருத்தினார்கள். உங்கம்மா 1964. பாட்டி குடிமகளாக இருந்ததால் கவலையில்லை. ஒரே வயிற்றில் பிறந்த அக்காவும் தங்கையும் ஒரே பிரிவின் இரண்டு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறோம். இதை உங்கம்மாவிடம் சொன்னேன். அடுப்புப் பேச்சு கொஞ்சம் நின்றது.

அரசியல் சட்டத்தை வரைந்த ரீட் ஆணையத்துக்கு நீ ஒரே ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறாய், அது எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்து பேர், ஒருவர்கூட மலாயாக்காரர் இல்லை. 131 மனுக்களை வாங்கிப் படித்தவர்கள். அவர்கள் பரிந்துரைத்ததில் எது நின்றது, எது விழுந்தது என்று பார். சட்டமன்றத்தில் பத்து வருடத்துக்கு இந்திய மொழியிலும் சீனத்திலும் பேச இடம் கொடுக்கலாம் என்றார்கள், விழுந்தது. மலாய்க்காரர் சிறப்பு நிலையைப் பதினைந்து வருடம் கழித்து மறுபரிசீலனை செய்யலாம் என்றார்கள், அதுவும் விழுந்தது. பாகிஸ்தான் நீதிபதி அப்துல் ஹமீது எழுதிய மாற்றுக் குறிப்பைக் கட்டாயம் படி. கடைசியில் சட்டத்தில் நின்றதில் பல அவர் சொன்னபடிதான். அந்த ஐந்து பேரில் ஐவர் ஜென்னிங்ஸும் ஒருவர். இலங்கையில் சேனநாயக்காவுக்கு அரசியல் சட்ட ஆலோசனை சொன்ன அதே ஆள்! அங்கே 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு கணக்கு, ரப்பர் தோட்டத்துக்கு ஒரு கணக்கு. உன் கடைசி ஆண்டு ஆய்வுக்கு இதைவிட நல்ல தலைப்பு வேண்டுமா?

நம் ஊர் டான் செங் லோக்கையும் விட்டுவிடாதே. கூட்டரசுத் திட்டத்தை எதிர்த்து 1947 அக்டோபர் 20-இல் நடந்த ஹர்த்தால் என்ற கடையடைப்புக்கு முன்னின்றவர்களில் அவர் ஒருவர். ஜான் திவியின் ம.இ.கா.வும் அதை நடத்திய கூட்டணியில் இருந்திருக்கிறது. எல்லா இனமும் சேர்ந்து எழுதிய ஒரு அரசியல் சட்ட முன்மொழிவு அப்போதே இருந்தது என்று நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலத்தில் பிள்ளைகளுக்குச் சொன்னால் கண்ணை விரிப்பார்கள்.

ஒரே ஒரு பயம் எனக்கு. குடியுரிமை, அரசியல் சட்டத்தில் தேசிய மொழி பற்றிய 152-ஆம் பிரிவு, மலாய்க்காரர் சிறப்பு நிலை பற்றிய 153-ஆம் பிரிவு, இதெல்லாம் 1971-க்குப் பிறகு கேள்வி கேட்டால் தேசநிந்தனை என்று பிடிக்கிற விஷயங்கள். நாடாளுமன்றத்தில் பேசுகிறவனுக்கே விலக்கு இல்லை. வரலாற்றை ஆதாரத்தோடு எழுது, யார் தடுப்பது? பேஸ்புக்கில் இரவு பன்னிரண்டு மணிக்குச் சண்டை போடாதே. அங்கே ஒரு பையன் உனக்கு எதிராக எழுதியதையும் நீ பதில் போட்டதையும் பார்த்தேன், எனக்குத் தெரியாதென்று நினைக்காதே.

கோலாலம்பூரில், முன்பு ஜாலான் டூத்தா என்றிருந்த சாலையில், தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, ஒரு நாள் ஒதுக்கிப் போ. இங்கே வந்தால் பழைய தண்டல் மாமாவையும் பார்க்க வேண்டும். 1967-இல் புக்கிட் அசஹான் தோட்டத்து ஆட்கள் கோலாலம்பூருக்கு நடந்தார்களே, அதைப் பற்றி அவரிடம் விசாரி. எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம், வாய் மட்டும் குறையவில்லை. இந்த வருடமே கேட்டால்தான் உண்டு.

மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போகிறோம். பஸ் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது. ஐசியையும் பத்திரத்தையும் எடுத்து வைக்கிறேன், போனில் படம் பிடித்துக்கொள். அசல் வீட்டை விட்டு வெளியே போகாது. தினமும் மேகி தின்னாதே. உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே.

அன்புடன்,
பெரியம்மா