கண்டவை மூன்று

அச்சாகி வந்த தாளில் ஈயக்காசு ஒன்று லேசாகப் பழுப்பேறியிருந்தது. மெஷின்மேன் லூப்பைக் கண்ணில் வைத்துக் குனிந்து பார்த்தார். பிறகு அந்தப் பத்திக்கு இறங்கும் மெஜந்தாவையும் மஞ்சளையும் கொஞ்சம் குறைத்தார். அடுத்த சில தாள்களில் ஈயம் ஈயமாயிற்று. ஆனால் அதே நேர்கோட்டில் கீழே இருந்த செம்புக்காசு பச்சையடித்துவிட்டது.

"சார், ஒண்ணைத் தூக்கினா ஒண்ணு உட்காருது. இங்க்கு தாள் மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே கோடாத்தான் இறங்கும். ஈயத்தையும் செம்பையும் ஒரே பத்தியில போட்டா நான் என்ன பண்றது?"

சார் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சை நாட்டுக் கடற்கரையோரம் 1620க்கும் 1845க்கும் இடையே புழங்கிய காசுகளை, சேகரிப்பவர்கள் கையில் வைத்துப் பார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு புத்தகமாகத் தன் செலவில் போடுகிறார். 500 படிகள். நான் போனபோது தஞ்சாவூர் கீழவாசல் பக்கத்து அச்சகம் ஒன்றில் படப்பக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "நிறுத்திடுங்க தம்பி. ஈயத்தையெல்லாம் தனிப் பாரமா எடுத்து வெறும் கறுப்புலயே அடிச்சிடலாம்" என்றார். ஈயத்துக்கு நிறமே கிடையாது; அதற்கு நாலு வண்ணம் எதற்கு? செலவும் மிச்சம். பிளேட் மறுபடி போட வேண்டும், அவ்வளவுதான். அந்த முடிவில் முப்பது வருடக் கணக்குப்பிள்ளை தெரிந்தார்.

1620இல்தான் ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்கு விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் போட்டார். 1845இல் அவர்கள் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நடுவில் இரண்டே கால் நூற்றாண்டு. அந்தக் காலத்தில் இந்தக் கடற்கரையில் எத்தனை கை மாறியிருக்கிறது! நாயக்கர், மராட்டியர், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர். ஒவ்வொருவரும் காசு அடித்தார்கள். டச்சுக் கம்பெனி அடித்த செம்புக்காசில் ஒரு பக்கம் அம்மன் உருவம், மறுபக்கம் தமிழில் ஊர்ப் பெயர். டேனிஷ்காரர்கள் முதலில் ஈயத்தில் அடித்தார்கள். கப்பல்களின் பெயரைச் சுருக்கிப் பொறித்த ஈயக்காசுகள்கூட உண்டு. பின்னால் செம்பு வந்தது. ஒரு பக்கம் மகுடம் சூடிய மன்னர் முத்திரை, மறுபக்கம் மதிப்பு. 80 காசு சேர்ந்தால் ஒரு ராயலின் என்பது கணக்கு.

அவர் வீட்டில் காசுகளைப் படம் எடுக்கிற மேசையைக் காட்டினார். மேசை விளக்கை உயரத்தில் வைக்காமல் காசுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கை மட்டத்தில் வைத்திருந்தார். நேர் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் தேய்ந்த எழுத்து காணாமல் போய்விடும். பக்கவாட்டில் அடித்தால் மேடு பள்ளம் நிழல் கொடுத்து எழுந்து வரும். என் கையில் ஒரு 4 காசு நாணயத்தைக் கொடுத்தார். வெறும் வட்டத் தகடுதான். விளக்கடியில் வைத்து மெதுவாகச் சுற்றினார். பாதிச் சுற்றில் மகுடம் வந்தது, இன்னும் கொஞ்சம் திருப்பியதும் ஆண்டின் கடைசி இலக்கம் தலை காட்டிவிட்டு மறைந்தது. "இந்த இடத்துல நிறுத்திக் கிளிக் பண்ணணும். இதுக்கு ஒரு மத்தியானம் போயிடும்."

நகைக்கடைத் தராசில் இரண்டு தசமம் வரை எடை. விட்டத்துக்கு வெர்னியர். படம் அசல் அளவில் ஒன்று, பெரிதாக்கியது ஒன்று. அசல் அளவில் படம் போடுவதில் அவர் விடாப்பிடி. காரணம் எளிது. காசைப் புத்தகத்தின் மேலேயே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள்தான் இதை வாங்கப் போகிறார்கள்.

புளி போட்டுத் தேய்த்த காசென்றால் அவருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. நம்மூரில் பழைய செம்பைக் கண்டால் கை தானாகப் புளியைத் தேடும். பளபளவென்று ஆகும், முந்நூறு வருடம் மேலே படிந்திருந்த பச்சைப் படலம் போகும், அதோடு எழுத்தின் விளிம்பும் போகும். ஈயத்துக்கு வேறு ஆபத்து. மர அலமாரியில் பூட்டி வைத்தால் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி பட்டு வெள்ளையாகப் பூத்து உதிர ஆரம்பித்துவிடும். பாட்டன் காலத்துத் தேக்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஒரு குடும்பத்துச் சேகரிப்பு அப்படிப் பொடியாகிக் கிடந்ததைச் சொன்னார். இதற்காகவே புத்தகத்தில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்.

தென்னிந்தியக் காசு சேகரிப்பவர்களுக்கென்று கைப்புத்தகம் எழுதுவது புதிதல்ல. 1889இலேயே டஃப்னெல் என்ற ராணுவ அதிகாரி சேகரிப்பாளர்களுக்கான குறிப்புகளைச் சென்னையில் அச்சிட்டார். திருச்சி வழக்கறிஞர் தேசிகாச்சாரியின் தென்னிந்தியக் காசுகள் புத்தகம் 1933இல் வந்தது. டேனிஷ் இந்தியக் காசுகளுக்கென்றே ஜான் கிரே எழுதிய வழிகாட்டி 1974இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. எல்லாம் ஆங்கிலம். தமிழில் தஞ்சாவூர் ஆறுமுக சீதாராமன் போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் தரங்கம்பாடியில் அலை ஒதுக்கிப் போட்ட காசை எடுத்து வைத்திருக்கிற மீனவப் பையனுக்கு, அது என்ன காசு என்று பார்த்துச் சொல்ல அவன் மொழியில் படத்தோடு ஒன்று வேண்டும் என்பது சாரின் கட்சி. பதிப்பகங்களைக் கேட்டுப் பார்த்தாராம். "எத்தனை பேர் வாங்குவாங்க?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். படத்துக்கு ஆர்ட் பேப்பர், நாலு வண்ணம், கெட்டி அட்டை. நானூறு பேருக்குமேல் வாங்காத புத்தகத்தில் எந்தப் பதிப்பாளர் பணம் போடுவார்?

ஆனால் தஞ்சாவூருக்கு இந்தக் கேள்வி பழசு. கருணாநிதி வைத்தியசாலை நடத்திய ஆபிரகாம் பண்டிதர், சுருதிக் கணக்கைப் பற்றிய தன் 'கருணாமிர்த சாகரம்' புத்தகத்துக்காக யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. மருந்து விற்ற காசில் 1912 முதல் தஞ்சையில் சங்கீத மாநாடுகள் கூட்டினார். லாலி மின்சார அச்சகத்தைத் தானே நிறுவினார். 1300 பக்கங்களுக்கு மேற்பட்ட முதல் பகுதி 1917இல் வந்தது. அட்டவணைகளும் எண் கணக்குகளுமாக நிரம்பிய அந்தப் பக்கங்களைக் கையால் எழுத்துக் கோத்தவர்களை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. இரண்டே வருடத்தில் பண்டிதர் காலமாகிவிட்டார். இரண்டாம் பகுதியை அவர் மகள் மரகதவல்லி 1946இல் கொண்டுவந்தார். கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்த உ.வே.சாமிநாதையர் இன்னொரு வழியில் போனார். முன்கூட்டியே கையொப்பக்காரர்களைச் சேர்த்து, சென்னைக்கு அலைந்து, 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றினார். சார் இரண்டையும் கலந்துகொண்டார். பாதி சேமநலநிதி, பாதி முன்பணம் கட்டிய சேகரிப்பாளர்கள்.

அந்த முன்பணக்காரர்களில் சிலர் வியாபாரிகள். அவர்கள் கேட்டது விலைப் பத்தி. எந்தக் காசுக்கு என்ன விலை, எது அரிது, எது மிக அரிது. உலகம் முழுக்கச் சேகரிப்பாளர் கைப்புத்தகங்கள் இப்படித்தான் விற்கின்றன. அஞ்சல் தலையானாலும் பழைய துப்பாக்கியானாலும் முதலில் புரட்டுவது விலைப் பக்கத்தைத்தான். சார் மறுத்துவிட்டார். தன்னிடமே அந்தக் காசுகள் இருக்கும்போது, 'மிக அரிது' என்று தானே அச்சிட்டால் தன் அலமாரிக்குத் தானே விலை ஏற்றின மாதிரி ஆகாதா?

அதற்குப் பதில் ஒரு பத்தி வைத்தார். தலைப்பு 'கண்டவை'. அந்த வகையில் தான் கையில் எடுத்து, எடை போட்டு, இரண்டு பக்கமும் படம் எடுத்த காசுகள் எத்தனை என்பது மட்டும். சிலவற்றுக்கு நூற்றுக்கு மேல். ஓர் ஈயக்காசுக்கு 3. கேள்விப்பட்டது, ஏல அறிவிப்பில் பார்த்தது, நண்பர் செல்போனில் அனுப்பியது எதுவும் சேராது. இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பத்தி அதுதான். 'அரிது' என்பது அபிப்பிராயம். அதோடு யாரும் சண்டை போடலாம். 3 என்பதை மறுக்க வேண்டுமானால் நாலாவதைக் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும்.

கிடைத்த இடம் பற்றி மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு காசு எந்த வயலில், எந்தப் படுகையில் கிடைத்தது என்பதுதான் வரலாற்றுக்கு அதன் பாதி மதிப்பு. அதை விட்டுவிட்டு எடையும் விட்டமும் மட்டும் போட்டால் அது வெறும் கடைச் சரக்குப் பட்டியல் என்றேன். அவர் சிரித்தார். "ஊர்ப் பேரைப் போட்டேன்னு வச்சுக்குங்க, அடுத்த வாரமே ரெண்டு பேர் மெட்டல் டிடெக்டரோட வந்து நிப்பான்." புதையலாக மண்ணில் கிடைப்பதைக் கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்று 1878இலேயே சட்டம் இருக்கிறது, நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1972 சட்டம் இருக்கிறது. இரண்டும் அவர் முன்னுரையில் உண்டு. ஆனால் ஊர்ப் பெயர்கள் புத்தகத்தில் இல்லை, ஒரு நோட்டில் இருக்கின்றன. ஆய்வாளர் நேரில் வந்து கேட்டால் காட்டுவாராம். எனக்கு அது இன்றும் முழுசாகச் சமாதானமாகவில்லை. நோட்டுக்கு ஒரு படி எடுத்து வேறு எங்காவது வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

போலிகளுக்கும் ஒரு பக்கம் உண்டு. அசல் காசு அச்சு வைத்து அடித்தது. போலி பெரும்பாலும் வார்த்தது. விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடும் மேற்பரப்பில் ஊசிமுனைத் துளைகளும் இருக்கும். எடையும் ஒத்துவராது.

கட்டுவேலை கரந்தையில் ஒரு வீட்டுத் திண்ணையிலும் முன்கட்டிலுமாக நடந்தது. நாலு பெண்கள் பாரம் மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாளில் பதினாறு பக்கம், மூன்று மடிப்பு, ஒவ்வொரு மடிப்புக்கும் தேய்ந்து வழவழப்பான ஒரு மூங்கில் பட்டையால் ஒரு இழுப்பு. அதைக் கவனித்துக்கொண்டிருந்த அக்கா, நாங்கள் உட்காரும் முன்பே ஒரு தாளை எடுத்து நெடுக்காக வளைத்தார், குறுக்காக வளைத்தார்.

"ஐயா, தாளோட நெரப்பு தப்பா வெட்டியிருக்கு. இது முதுகுக்குக் குறுக்க ஓடுது. புக்கு விரிச்சா நிக்காது, மூடிக்கும்."

தாளில் நார் ஒரு திசையில் ஓடும். அது புத்தக முதுகுக்கு இணையாக ஓடினால் பக்கம் பணிந்து விழும். குறுக்கே ஓடினால் விறைத்துக்கொண்டு நிற்கும். ஐப்பசி ஈரத்தில் முதுகோரம் அலை அலையாக நெளியவும் செய்யும். தாள் மிச்சம் பிடிக்க எங்கேயோ திருப்பி வெட்டியிருந்தார்கள். நல்லவேளையாக அது முன்னுரையும் அட்டவணையும் உள்ள ஒரே ஒரு பாரம். அதை மட்டும் மறுபடி அடிக்கச் சொன்னார்கள். காசு பார்ப்பவருக்கு ஒரு கையில் காசு, மறு கையில் லென்ஸ். புத்தகத்தைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அதனால்தான் பசை போட்டு ஒட்டுகிற கட்டு வேண்டாம், பாரம் பாரமாக நூலில் தைக்கிற ஜூஸ் தையல்தான் வேண்டும் என்று சார் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். கூடுதல் செலவுதான். ஆனால் தைத்த புத்தகம் நடுப்பக்கத்தில் விரித்து வைத்தால் மேசையில் அப்படியே படுத்துக் கிடக்கும்.

அக்கா தைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரத்தின் நடு மடிப்பில் ஊசி உள்ளே போய், அடுத்த துளையில் வெளியே வந்து, முந்தின பாரத்தின் நூலில் ஒரு முடிச்சுப் போட்டு மேலே ஏறுகிறது. இழுக்கும் பதம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பாரம் தளர்ந்தாலும் முதுகு கோணிவிடும். அட்டைக்கு மைதாப் பசை. அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினார். பூச்சி அரிக்காமல் இருக்க. "முன்னெல்லாம் இந்த வேலைக்கு வருசம் பூரா ஆள் வரும். இப்ப பள்ளிக்கூட நோட்டு, கோர்ட்டுக் கட்டு அவ்வளவுதான்" என்றார். கூலி பாரத்துக்கு இவ்வளவு என்று, தையலுக்குத் தனி. இப்படி மடிக்கவும் தைக்கவும் தெரிந்தவர்களின் பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை. வரச் சொல்லவும் அவர்களுக்கு மனசில்லை.

அச்சகத்துக்காரருக்கும் இது ஒன்றும் லாபமான வேலையில்லை. கல்யாணப் பத்திரிகையும் கும்பாபிஷேக அழைப்பும்தான் அவருக்குச் சோறு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, மெஷின் சும்மா நிற்கும். ஆடியில் கொண்டுவந்ததால்தான் இந்த ரேட் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

வெளியீட்டு விழா எதுவும் வைக்கவில்லை. ஐஎஸ்பிஎன் எண் டெல்லியில் ராஜாராம் மோகன்ராய் பெயரிலுள்ள முகமை இலவசமாகவே தருகிறது, வாங்கிவிட்டார். 1954 சட்டப்படி வெளியிட்ட ஒரு மாதத்துக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்குத் தலா ஒரு படி அனுப்ப வேண்டும். சொந்தமாகப் புத்தகம் போடுகிற பலர் இதைச் செய்வதே இல்லை. சார் முதலில் கட்டி வந்த படிகளிலேயே அந்த நாலையும் எடுத்துப் பார்சல் கட்டி, ரசீதை நோட்டில் ஒட்டினார். மிச்சம் அவர் வீட்டு மாடியறையில், தரையில் படாமல் பலகை மேல்.

பதினாறின் மடங்குக்குச் சரிக்கட்டக் கடைசிப் பாரத்தில் நாலு பக்கம் காலியாக விழுந்திருந்தது. அதை விளம்பரத்துக்குக் கொடுக்காமல், 'கண்டவை' பத்தியைத் தொடர்ந்து நிரப்பிக்கொள்ளக் கோடு போட்டு விட்டிருந்தார். புத்தகம் போய்ச் சேர்ந்த சில நாளில் காரைக்காலிலிருந்து ஒருவர் போன் செய்தார். அந்த மூன்று ஈயக்காசோடு நாலாவது தன்னிடம் இருக்கிறதாம். சார் பேருந்து ஏறிப் போய், தராசில் வைத்து, விளக்கைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். அடுத்து அவர் போன் போட்டது அச்சகத்துக்கு.

"ரெண்டாம் பதிப்பா? முதல்ல இதை வித்து முடிங்க சார்" என்றார் அச்சகத்துக்காரர்.