திறவுகோலின் விலை

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவன் அதன் முழு உடைமையாளன் ஆவான் என்பது நாம் பழகிய நியதி. இலக்கமுறைக் கருவிகள் பெருகிய இக்காலத்தில் அந்நியதி ஆட்டங்கண்டுள்ளது. பல அலைவரிசைகளை அடுத்தடுத்துத் துழாவி, அவற்றில் நிகழும் உரையாடல்களைக் கேட்க உதவும் ‘ஸ்கேனர்’ என்னும் வானொலி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

யூனிடன் நிறுவனத்தாரின் சில ஸ்கேனர்களில் டி.எம்.ஆர். என்னும் இலக்கமுறைப் பேச்சைக் கேட்பதற்குத் தனிக்கட்டணம் செலுத்துதல் வேண்டும். செலுத்தியதும் புதிய உறுப்பெதுவும் வந்து சேர்வதில்லை; பெட்டியின் தொடரிலக்கத்திற்குரிய குறியெண் ஒன்றே வருகின்றது. அதனை உட்செலுத்தியதும் பூட்டிக் கிடந்த ஆற்றல் திறந்துகொள்கின்றது.

வத்தேகமவில் வானொலி திருத்துந் தொழில் புரிபவர் என் தந்தையார். பழைய பெட்டிகளில் எப்.எம். கேட்கும் பகுதியைப் பொருத்திக் கொடுப்பார். கொடுத்த பணம் எங்கே சென்றதென்பதை வாடிக்கையாளர் கண்ணாரக் காண்பர். இக்குறியெண் முறையை நான் விளக்கியபோது, “உள்ளே இருக்கிறதுக்கு எதுக்கு மகன் தனியாகக் காசு?” என்று வினவினார்.

நியாயமான விடையொன்று உண்டு. டி.எம்.ஆர். என்பது 2005 இல் ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் வெளியிட்ட பொது நியமம். ஆயினும் குரலைச் சுருக்கி விரிக்கும் முறையை அந்நியமம் வகுக்கவில்லை. தொழிற்றுறையினர் அதற்கென ஏற்றுக்கொண்டது டி.வி.எஸ்.ஐ. என்னும் அமெரிக்க நிறுவனத்தின் முறையாகும். அதனைக் கையாள்வோர் உரிமைப்பணம் செலுத்துதல் வேண்டும். ராஸ்பெரி பை என்னும் சிறுகணினியைச் செய்தோரும் 2012 இல் எம்பெக்-2 படங்களைக் காட்டுதற்குரிய திறவுகோலை 2.40 பவுணுக்குத் தனியே விற்றனர். வேண்டுவோர் மட்டும் அச்சுமையை ஏற்க, ஏனையோர் மலிவாகக் கருவியைப் பெற்றனர்.

எனினும், கட்டணத்தில் உரிமைப்பணம் எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்பதை வாங்குபவர் அறியார். எம்பெக்-2 முறைக்கான அமெரிக்கக் காப்புரிமைகள் 2018 இல் முடிவுற்றன. இவ்வாறே ஒவ்வொரு காப்புரிமைக்கும் முடிவுண்டு. பூட்டுக்கோ எவரும் முடிவு குறிப்பதில்லை. இதற்கிடையில் அவுஸ்திரேலியரான டேவிட் ரோ, ‘கோடெக் 2’ என்னும் குரற்சுருக்க முறையை எவரும் கட்டணமின்றிக் கையாள வழங்கியுள்ளார். டி.எம்.ஆர். பேச்சை அது திறவாதெனினும், பூட்டின்றியும் அறிவு வளருமென்பதை அது மெய்ப்பிக்கின்றது.

புதியது கண்டவனுக்குக் கூலி கொடுத்தல் அறமே. ஆனால், என் தந்தையாரின் கைத்திறனுக்கு எட்டிய பெட்டிகள் அருகி வருகின்றன. பழுதைத் திருத்த வல்லவர் ஊரிலிருந்தும், பூட்டைத் திறக்கும் எண் கடல்கடந்தே வரவேண்டியிருக்கின்றது. கட்டணத்தின் கணக்கையும் பூட்டின் காலவெல்லையையும் விற்பவர் வெளிப்படக் கூறுதல் வேண்டும். அவ்வளவையேனும் கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.