படத்தில் விழாதவர்கள்

காலை ஐந்தே முக்காலுக்கு விளக்குத்தூண் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் வீட்டில் அச்செடுத்த பழைய படம். படம் எடுத்தவர் எந்த இடத்தில் நின்றிருப்பார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டடி பின்னால் போனால் ஜவுளிக்கடை ஷட்டர் முதுகில் இடிக்கிறது. இடப்பக்கம் ஒதுங்கினால் மின்கம்பமும் அதில் தொங்கும் கேபிள் கொத்தும் மறைக்கின்றன. கீழமாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் சேரும் அந்த மூலையில், லாரியிலிருந்து துணிப் பொதி இறக்கிக்கொண்டிருந்த லோடுமேன் ஒருவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“ஏண்ணே, ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களா?”

மதுரையில் காகிதத்தோடு தெருவில் நிற்பவனைப் பார்த்தால் வரும் முதல் சந்தேகம் அது. “இல்லண்ணே, இதே எடத்தோட பழைய போட்டோ” என்று தாளை நீட்டினேன். துண்டை உதறி முகத்தைத் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தார்.

“அட, நம்ம தூணு! ஆளே இல்லயேண்ணே. லாக்டவுன்ல எடுத்ததா?”

சிரித்துவிட்டேன். படம் 1858இல் எடுத்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி அன்று முழுவதும் என்னை விடவில்லை. பழைய படங்களில் ஏன் ஆளே இல்லை?

எடுத்தவர் பெயர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். கம்பெனி ராணுவத்து அதிகாரி. 1856இல் சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்காத நேரத்தில், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று பெட்டி பெட்டியாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறார். கோயில், மகால், புதுமண்டபம், ராயகோபுரம், தெப்பக்குளம், தமுக்கம் என்று மதுரையில் அவர் எடுக்காத முக்கிய இடம் குறைவு. 1858இலேயே அந்தப் படங்கள் தொகுப்புகளாக வெளிவந்தன. அவற்றில் ஒன்றுதான் என் கையிலிருந்த விளக்குத்தூண் படம்.

அவருடைய நெகட்டிவ், மெழுகு ஏற்றிய காகிதம். லென்சின் மூடியை எடுத்தால் நிமிடக்கணக்கில் வெளிச்சம் இறங்க வேண்டும். அத்தனை நேரம் அசையாமல் நிற்பது மட்டும்தான் காகிதத்தில் தங்கும். தூண் நின்றது, தங்கிவிட்டது. கோபுரமும் தங்கிவிட்டது. தலையில் கூடையோடு அந்தப் பக்கம் போனவள், வண்டி ஓட்டியவன், அவன் மாடு, எல்லோரும் வெளிச்சத்துக்குள் நுழைந்து வெளியே போய்விட்டார்கள். கொஞ்சம் நின்று போனவர் இருந்தால் புகை படிந்ததுபோல ஒரு கறை மிஞ்சியிருக்கும். சில இடங்களில் ட்ரைப்பே ஆட்களை விலகிப் போகச் சொல்லியும் இருக்கலாம். எப்படியானாலும் படம் காலியாக இருப்பதற்குக் காரணம் தெரு காலியாக இருந்தது அல்ல.

இந்தச் சங்கதி தெரியாமல்தான் பழைய படங்களைப் பார்த்து இத்தனை நாள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். ‘எவ்வளவு அமைதியான ஊர், என்ன விசாலமான தெரு, இப்போது பார், கால் வைக்க இடமில்லை’ என்று நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பாதி அமைதி அந்தக் காகிதத்தின் மந்தம் என்று இப்போது தெரிகிறது.

விளக்குத்தூணையே எடுத்துக்கொள்ளுங்கள். 1834 முதல் 1847 வரை மதுரைக் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக எழுந்தது அது. கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரித்தவர் அவர். வெளி வீதிகள் அப்படி வந்தவைதான். அந்த வேலையில் இருந்த இருவர் பெயரில் இரண்டு தெருக்கள் அமைந்தன, மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். இன்று தூணைச் சுற்றிக் கைலி, நைட்டி, ஜிகர்தண்டா. “விளக்குத்தூண் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தேன்” என்பவர்களுக்கு பிளாக்பர்ன் யாரென்று தெரியாது. பெருமாள் மேஸ்திரியின் பெயரையோ ஆட்டோக்காரர்களும் லாட்ஜ் தேடுகிறவர்களும் தினம் நூறு தடவை சொல்கிறார்கள். கலெக்டருக்குக் கல்லில் கிடைத்ததைவிட மேஸ்திரிக்கு வாயில் கிடைத்தது பெரிது. அகழியைத் தூர்க்க மண் சுமந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, தெருவும் இல்லை. ட்ரைப் வருவதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்புதான் சுமந்திருப்பார்கள். படம் எடுத்த அன்று அவர்களில் யாராவது அந்த மூலையைக் கடந்துபோயிருக்கவும் கூடும்.

தூணிலிருந்து கூப்பிடு தூரம் பத்துத்தூண் சந்து. திருமலை நாயக்கர் அரண்மனையில் இடிந்தது போக மிஞ்சிய பத்துத் தூண்கள், மேலே கூரை ஏதும் தாங்காமல், ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் அண்ணாந்து நிற்கின்றன. ட்ரைப் பார்த்த மகால் சிதைந்து கிடந்தது. பிறகு கவர்னராக வந்த நேப்பியர் காலத்தில்தான் எஞ்சிய பகுதியைச் சீராக்கினார்கள். இன்றைய படத்தையும் அன்றைய படத்தையும் அருகருகே வைத்தால் இங்கே மட்டும் கணக்கு தலைகீழாகிறது. பழையது பாழ், புதியது பளபளப்பு.

அங்கிருந்து ஆற்றுக்குப் போனேன். ட்ரைப் வடகரையில் நின்று, குறுக்கே போகும் தரைப்பாலத்தோடு வைகையையும் அக்கரையில் ஊரையும் எடுத்திருக்கிறார். நாங்கள் ஏ.வி. பாலம் என்று சொல்லும் ஆல்பர்ட் விக்டர் பாலம் வந்தது 1889இல். வைகை அணை 1959இல். அதே கோணத்துக்கு நான் போனைத் தூக்கினால் இரு கரையிலும் சாலை, தடுப்புச் சுவர், நடுவில் ஆகாயத்தாமரை. கோபுரங்கள் கட்டடங்களுக்குப் பின்னால் தலையை மட்டும் காட்டின. அழகர் இறங்கும் அன்று ஒரு நாளாவது இந்த ஆறு முழுக்க ஆள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

என் சொந்த ஞாபகத்தையும் இதே தராசில் வைத்துப் பார்த்தேன். நான் பிறந்தது தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்து. என் மனதில் இருக்கும் 1970களின் மதுரையில் போக்குவரத்தே இல்லை. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் தியேட்டர் தனியாக, கம்பீரமாக நிற்கும். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த தியேட்டர். 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். அதன் வாசலில் நானும் அம்மாவும் மட்டும் நிற்கிறோம். இது எப்படி முடியும்? ஆட்டம் விட்டால் தெரு அடைத்துக்கொள்ளும் தியேட்டர் அது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கை சிவந்திருக்கும். ஜட்கா வண்டிக்காரர் “ஏய், ஓரம், ஓரம்” என்று கத்துவார். அத்தனை பேரும் என் ஞாபகத்திலிருந்து எங்கே போனார்கள்?

எங்கள் வீட்டின் பின்பக்கச் சந்து இன்னும் மோசமான சாட்சி. அது எடுப்புக் கக்கூஸ் காலம். விடியும் முன்னால் தகர வாளியோடு ஒரு அம்மா வருவார். அவர் வரும் சத்தம் எனக்குத் தெரியும், முகம் தெரியாது. ‘அந்தக் காலத்து மதுரை எவ்வளவு சுத்தம்’ என்று நான் எழுதியது உண்டு. அந்தச் சுத்தத்தைத் தலையில் சுமந்தவரை என் மனமும் படத்தில் விழ விடவில்லை. ட்ரைப் தன் நெகட்டிவ்களில் தூரிகையால் மேகங்களை வரைவாராம், வெறுமையான வானம் நன்றாக இருக்காது என்று. நானும் வேண்டிய இடத்தில் மேகம் வரைந்திருக்கிறேன்.

கடைசியாகப் புதுமண்டபம். இங்கே வராமல் போக முடியாது, ஏனென்றால் என் அப்பா அங்கே தையற்காரராக இருந்தவர்.

கீழக்கோபுரத்துக்கு எதிரே வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். 124 தூண்கள். என் சிறுவயதில் அது மண்டபம் என்றே எனக்குத் தெரியாது. பாத்திரக் கடை, வளையல் கடை, புத்தகக் கடை, நடுவில் வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள். அப்பாவின் மெஷின் ஒரு தூணுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருக்கும். தூணில் இருந்த சிலையின் முழங்காலில் அளவு டேப்பை மாட்டுவார். பங்குனி பிறந்தால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கும் திரி எடுப்பவர்களுக்கும் கருப்பசாமி வேடம் போடுகிறவர்களுக்கும் உடுப்பு தைக்க வேண்டும். சிவப்பு, பச்சை வெல்வெட்டில் சல்லடம், கச்சை, ஓரமெல்லாம் ஜிகினா. கிராமத்திலிருந்து வருகிறவர்கள், “அண்ணாச்சி, போன வருசம் இடுப்புல பிடிச்சுச்சு, சாமி வந்தா குதிக்க முடியல” என்பார்கள். அப்பா தலை நிமிராமல், “சாமிக்கு ரெண்டு இஞ்சி விட்டுத் தச்சிர்றேன்” என்பார். நானும் தங்கச்சியும் ஜிகினா ஒட்டுவோம். ராத்திரிச் சோற்றில் ஜிகினாத் தூள் மின்னும்.

அப்பா அங்கே வேலை செய்ததற்கு ஒரே ஒரு படம் இருக்கிறது. யாரோ ஒரு வாடிக்கையாளர் கேமராவோடு வந்து எடுத்து, பிறகு ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தார். மண்டபத்துக்குள் பகலிலேயே இருட்டு, ஃபிளாஷ் கிடையாது. தூண் துல்லியமாக விழுந்திருக்கிறது. சிலையின் முழங்காலில் டேப் தொங்குவதுகூடத் தெரிகிறது. அப்பா முகமும் தெளிவு. வலது கை மட்டும் இல்லை. கைச்சக்கரத்தைச் சுண்டிவிடும் நேரம் போலிருக்கிறது. கை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கலங்கல். “போட்டோ கெட்டுப்போச்சு” என்று அப்பாவுக்கு வருத்தம். அதைச் சட்டம் போடவே விடவில்லை.

கடைகளால் சிற்பங்கள் பாழாகின்றன என்று பல வருடம் பேச்சு நடந்தது. பொய்யில்லை. தூணில் ஆணி அடித்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். கடைக்காரர்களுக்கு அருகில் குன்னத்தூர் சத்திரத்தில் இடம் கொடுத்தார்கள். மண்டபம் தன் கல்லைத் திரும்பப் பெறுவது நியாயம்தான். சித்திரை வீதிகளிலும் வண்டிகளை நிறுத்தியாகிவிட்டது, தரையெல்லாம் கல் பாவியாகிவிட்டது.

அன்று தடுப்புக்கு வெளியே நின்று ஒரு படம் எடுத்தேன். போனில் பார்த்ததும் திடுக்கென்றது. ட்ரைப்பின் புதுமண்டபப் படம் மாதிரியே இருந்தது. தூண், தூண், தூண். ஆள் இல்லை. பக்கத்தில் வைத்தால் ‘பழைய அழகு திரும்பிவிட்டது’ என்றுதான் யாரும் சொல்வார்கள். என் போனுக்கோ படம் பிடிக்க ஒரு நொடியில் சின்னத் துண்டு போதும். பறக்கும் புறாவைக்கூட இறகு இறகாகப் பிடித்துவிடும். இந்தப் படத்தில் ஆள் இல்லை என்றால், அங்கே ஆள் இல்லை என்றுதான் அர்த்தம்.

வீட்டுக்கு வந்து அப்பா படத்தைத் தேடி எடுத்தேன். ட்ரைப்பின் படம், என் படம், அது மூன்றையும் மேசையில் பரப்பினேன். மூன்றிலும் தூண்கள் ஒன்றுபோலத்தான் நிற்கின்றன. மற்ற இரண்டிலும் இல்லாதது அப்பா படத்தில் இருக்கிறது, கெட்டுப்போனது என்று அவர் ஒதுக்கிய அந்தக் கலங்கல். மறுநாள் அதைத்தான் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரப் பையன் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, “சார், இந்தக் கை ஷேக் ஆயிருக்கு, கம்ப்யூட்டர்ல சரி பண்ணிரவா?” என்றான்.

“வேண்டாம் தம்பி, அப்படியே இருக்கட்டும்” என்றேன்.