பெறுதலும் வளர்த்தலும்

கடலை விட்டு நெடுந்தொலைவில் வாழ்வோர்க்குக் கடல்மீது தனியொரு பற்று உண்டு. தில்லியில் குடியேறிய நம்மவர் இல்லங்கள் பலவற்றில், கூடத்து அலமாரியில் ஒரு சங்கேனும் சில சோழிகளேனும் இருக்கக் காணலாம். எங்கள் இல்லத்தில் அந்தப் பற்று சற்றே பெரிதாகி, நூற்றிருபது லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியாக வந்து அமர்ந்தது. அதில் நிறைந்திருப்பது கடல்நீர். தில்லியில் கடல்நீர் ஏது என்று அன்பர்கள் வினவலாம். தூய்மை செய்த குடிநீரில், இதற்கெனவே விற்கும் உப்புக் கலவையை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைத்தால், கடல்மீன் வாழத்தக்க நீர் கிடைத்துவிடுகிறது. அந்நீரில் மீன்கள் குடும்பம் நடத்தி மக்களைப் பெற்ற வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தோம்.

நன்னீர்த் தொட்டியில் கப்பி மீன்கள் கேட்பாரின்றிப் பெருகுவதைப் பலரும் கண்டிருப்பர். கடல்மீன்களின் இயல்பு வேறு. அவற்றுள் பெரும்பாலானவை நுண்ணிய முட்டைகளை நீரோட்டத்தில் சிதறவிட்டுப் போய்விடுவன. வீட்டுத் தொட்டியில் அம்முட்டைகள் பிழைப்பது அரிது. ஆயினும் சில இனங்கள் பிள்ளைகளைப் பேணுகின்றன. கடற்குதிரையில் ஆண்தான் வயிற்றுப் பையில் கருவைச் சுமக்கிறது. பங்காய் மீனில் தந்தை முட்டைகளை வாய்க்குள் அடக்கிக் காக்கிறது. செம்மஞ்சள் உடலில் வெண்பட்டை அணிந்த கோமாளி மீனோ, பாறையில் முட்டையிட்டுக் காவல் இருக்கிறது. நாங்கள் வளர்த்தது இம்மீனையே.

கடையிலிருந்து கொணர்ந்தவை இரண்டு இளங்குஞ்சுகள். எது ஆண், எது பெண் என்று பிள்ளைகள் கேட்டனர். இரண்டும் இன்னும் எதுவும் ஆகவில்லை என்பதே உண்மை. கோமாளி மீன்களில் எல்லாம் முதலில் ஆணாக வளர்வன. கூட்டத்தில் மூத்துப் பருத்த ஒன்றே பெண்ணாகிறது. பெண் இறந்துபட்டால், அதன் துணையாக இருந்த ஆண் பெண்ணாக மாறி அவ்விடத்தை நிரப்பும். அறிவியலார் ஹான்ஸ் ஃபிரிக்கேயும் சிமோன் ஃபிரிக்கேயும் 1977-இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. எங்கள் தொட்டியில் ஒன்று மெல்ல மெல்லப் பருத்தது. மற்றது அதன்முன் உடலை நடுக்கிப் பணிவு காட்டிற்று. இவ்வாறு பதினான்கு மாதங்கள் சென்றன.

கடலில் இவை சாமந்தி என்னும் உயிரியின் கொடுக்குகளிடையே குடியிருப்பவை. எங்கள் தொட்டியில் அது இல்லை; கவிழ்த்து வைத்த சிறு மண்சட்டியே அவற்றுக்கு வீடு. ஒரு நாள் இரண்டும் அச்சட்டியின் ஓரத்தை வாயால் கொத்தித் துடைக்கத் தொடங்கின. மறுநாள் மாலை பெண் மீன் வயிற்றை ஒட்டி ஒட்டி நகர, ஆண் பின்தொடர, செம்மஞ்சள் நிற முட்டைகள் இருநூறு போல் வரிசையாக ஒட்டிக்கொண்டன. அன்றுமுதல் தந்தைக்கு ஓய்வில்லை. துடுப்பால் விசிறுவதும், வாயால் துடைப்பதும், கெட்ட முட்டையை அகற்றுவதுமாக இருந்தது. நாள் செல்லச் செல்ல முட்டைகள் கருத்தன; பின்னர் ஒவ்வொன்றிலும் வெள்ளிப் புள்ளிகளாக இரு கண்கள் மின்னின.

எட்டாம் நாள் இரவு, விளக்கணைந்து ஒன்றரை மணி நேரத்தில் குஞ்சுகள் வெளிவந்தன. நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடித் துணுக்குகள் அவை. கைவிளக்கை ஒரு மூலையில் பிடித்தால் ஒளியை நாடிக் கூடும். குவளையால் மொண்டு வேறு தொட்டியில் விட்டோம். மூன்றாம் நாள் அவற்றில் ஒன்றுகூட எஞ்சவில்லை. அவை தூளுணவைத் தொடுவதில்லை. கண்முன் அசையும் நுண்ணிரையையே உண்ணும். அத்தகைய இரை கடலில் உண்டு, தில்லிக் கடைத்தெருவில் இல்லை. இராமநாதபுரத்துக் கடற்கரையூரில் பிறந்த எங்கள் அன்னையார் அந்த வெறுந்தொட்டியை நெடுநேரம் நோக்கியிருந்தார். பின்னர், “பெற்றால் மட்டும் போதுமா? ஊட்ட வேண்டாமா?” என்றார். அச்சொல் எங்களை விடவில்லை.

ஊட்டுவதற்கு முதலில் பயிர் செய்ய வேண்டியிருந்தது. சாளரத்தருகே புட்டிகளில் நுண்பாசி வளர்த்துப் பச்சை நீர் ஆக்கினோம். அப்பாசியைத் தின்னும் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை வாளியில் பெருக்கினோம். வெறுங்கண்ணுக்குத் துகளாய்த் தோன்றும் அதுவே குஞ்சுக்கு முதற்சோறு. பத்து நாளுக்குப்பின் ஆர்ட்டீமியாக் குஞ்சுகள். தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படும் உயிர் அது. மின்தடைக்கு அஞ்சி, மின்கலத்தில் இயங்கும் காற்றுக்குழல் வாங்கினோம். அன்னையார் விடியற்காலையில் எழுந்து பச்சை நீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்வார். பிள்ளைகள் பள்ளி செல்லுமுன் வாளியைக் கலக்குவர். நான்காம் ஈற்றில் பதினொரு குஞ்சுகள் வெண்பட்டை பெற்றன. அன்று வீட்டில் பாயசம்.

இருநூற்றில் பதினொன்று சிறு எண்ணிக்கைதான். ஆயினும் வீட்டிலோ பண்ணையிலோ பிறந்த ஒவ்வொரு மீனும், பவளப்பாறையிலிருந்து பிடிக்கப்பட வேண்டிய ஒரு மீனை அங்கேயே வாழவிடக் கூடும். நம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன்களை இவ்வாறு வளர்க்கும் முறையைச் செப்பம் செய்திருக்கிறது என்பது நமக்கு உவகை தருவதாகும்.

கடலில் பிறக்கும் குஞ்சின் கதை வேறு. பிறந்த இரவே அது பெற்றோரை நீங்கி நீரோட்டத்தில் மிதந்து, சில நாளில் ஓரிடத்தில் குடியேற வேண்டும். பாப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில் ஒருவகைக் கோமாளி மீனை ஆய்ந்தோர் 2005-இல் வியப்பான செய்தியை வெளியிட்டனர். குடியேறிய குஞ்சுகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அப்பகுதியிலேயே பிறந்தது. சில, பிறந்த இடத்திற்கு நூறு மீட்டருக்குள் வந்து தங்கின. ஆனால் பெற்றோர் வாழ்ந்த அதே சாமந்தியில் ஒன்றுகூடக் குடிபுகவில்லை. ஊருக்குத் திரும்பினவேயன்றி வீட்டுக்குத் திரும்பவில்லை. இதைப் படித்த அன்று எங்கள் பிள்ளைகளை நினைத்துக்கொண்டோம். ஊர்ப்பெயரைத் தில்லிப் பேச்சோடு சொல்லும் அவர்கள் எங்கே சென்று தங்குவரோ, அறியோம். அதுவரை ஊட்டுவது எங்கள் கடன்.

பதினொன்றில் இரண்டை மயூர் விகாரில் உள்ள நண்பர் குடும்பத்திற்குக் கொடுத்திருந்தோம். சென்ற திங்கள் அவர்கள் வீட்டம்மையார் தொலைபேசியில் அழைத்தார். சட்டியின் ஓரத்தில் செம்மஞ்சள் முட்டைகள் கண்டனவாம். மறுநாள் காலை ஒரு புட்டியில் பச்சை நீர் நிரப்பி எடுத்துச் சென்றோம்.